பதினெட்டேகால் மீட்டர் கயிறு

சார்லட் விமான நிலையத்தில் சோதனைக்கு நின்ற பெண், என் கைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்றார். தண்ணீரில் ஓட்டும் ஸ்கீயின் அடியில் ஒரு ஃபின் இருக்கும், அதை அளக்க என்றேன். எவ்வளவு துல்லியமாக அளப்பீர்கள் என்று கேட்டார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றேன். என்னையும் வெர்னியரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையைத் தள்ளிவிட்டார்.

கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர் மகனுக்கு அது ஒன்றும் பெரிய நுணுக்கம் இல்லை. அப்பா ஷாஃப்டைக் கையில் வாங்கி விரலால் தடவியே "ரெண்டு தௌ ஏறியிருக்கு" என்பார். அளந்தால் ஏறித்தான் இருக்கும். அந்த வீட்டில் வளர்ந்தவன் ஸ்கீயில் சரியாகத் திரும்ப முடியாவிட்டால் எதைச் சந்தேகப்படுவான்? இரும்பைத்தான். இரண்டு கோடைகளாக நான் ஃபின்னைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு கோடைகளிலும் என் கணக்கு நான்கு பந்தைத் தாண்டவில்லை.

பந்து என்றால் தண்ணீரில் கட்டிவைத்த மிதவை. ஸ்லாலம் என்ற விளையாட்டே ஆறு மிதவைகள்தான். படகு நேர்கோட்டில் போகும், இம்மி விலகக் கூடாது. அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 11.5 மீட்டர் தள்ளி, வலது இடது என்று மாறி மாறி ஆறு பந்துகள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஸ்கீயில் பின்னால் போகிறவர் ஒவ்வொரு பந்தையும் வெளிப்பக்கமாகச் சுற்றிவிட்டு, படகின் பின்னால் குறுக்கே வெட்டி எதிர்ப்பக்கப் பந்துக்கு ஓட வேண்டும். உள்ளே நுழைய ஒரு கேட், வெளியேற ஒரு கேட். மொத்தம் 259 மீட்டர். நான் ஓட்டுகிற 49 கிலோமீட்டர் வேகத்தில் 19 வினாடியில் முடிந்துவிடும். பந்துக்குப் பந்து மூன்று வினாடி. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் 23 மீட்டர் அகலத்தைக் கடந்து அடுத்த கரையில் இருக்க வேண்டும். முதல் பந்தில் கொஞ்சம் தாமதம், இரண்டாவதில் இன்னும் கொஞ்சம், நான்காவதில் நான் பந்தைப் பார்க்கும்போது பந்து எனக்குப் பின்னால் இருக்கும். வட்டி கட்ட வட்டிக்கு வாங்கியவன் கதை.

மார்ச் மாதம் ஃப்ளோரிடா போனது இதற்காகத்தான். நடு ஃப்ளோரிடாவில் ஏரிக்கு ஏரி ஒரு ஸ்கீ பள்ளி இருக்கிறது. நான் இருக்கும் சார்லட்டில் தண்ணீர் இன்னும் பனிக்கட்டிக்குத் தங்கச்சியாக இருந்த நேரத்தில் அங்கே மேலுக்கு மட்டும் ரப்பர் சட்டை போட்டால் போதும். ஐந்து நாள் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "ஏஞ்சாமி, கயித்தப் புடிச்சுட்டுத் தண்ணி மேல இழுபடறதுக்கா லீவு போட்டிருக்கற?" என்றாள். அதைவிடச் சுருக்கமாக இந்த விளையாட்டை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

மனைவியின் தம்பி ஆர்லாண்டோவில் இருக்கிறான். அவன்தான் வந்து கூட்டிப் போனான். மேற்கே முக்கால் மணி நேரத்தில் கிளர்மாண்ட். ஃப்ளோரிடா என்றால் தோசைக்கல் போலத் தட்டை என்று நினைத்திருந்தேன். இங்கே சாலை மேடேறி இறங்குகிறது. பக்கத்திலிருக்கும் சுகர்லோஃப் மலைதான் தீபகற்பத்துக்கே உச்சி என்றான் மாப்பிள்ளை. உயரம் 95 மீட்டர். மருதமலைக்காரனிடம் சொல்கிற சமாச்சாரமா அது என்று சிரித்தேன்.

ஊருக்குள் சிட்ரஸ் டவர் என்று ஒரு கோபுரம். 1956இல் கட்டியது, 226 அடி. ஏறிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆரஞ்சுத் தோப்பு தெரியும் என்பதற்காகக் கட்டினார்கள். 1980களில் அடுத்தடுத்து விழுந்த கடும் உறைபனியில் தோப்புகள் பட்டுப்போய், நிலமெல்லாம் மனை ஆகிவிட்டது. இப்போது மேலிருந்து தெரிவது வீட்டுக் கூரைகளும், கூரைகளுக்கு நடுவே உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஏரிகளும்தான். அடியில் சுண்ணாம்புப் பாறை. அது கரைந்து நிலம் உள்வாங்கி உண்டான ஏரிகள் பல. ஆனால் ஸ்லாலம் ஓட்டுகிறவர்கள் அந்த அழகான வட்ட ஏரிகளை அவ்வளவாகத் தேடுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது நீளமான, குறுகலான, காற்று புகாத ஒரு வாய்க்கால். படகு எழுப்பும் அலை திரும்பி வராமல் சரிந்த கரையில் ஏறி அடங்க வேண்டும். அப்படி வெட்டிய ஏரி ஒன்றின் கரையில்தான் எங்கள் பள்ளி. கரையில் மிச்சமிருந்த நாலைந்து ஆரஞ்சு மரங்கள் பூத்திருந்தன. விடியற்காலையில் அந்த வாசமும் படகின் பெட்ரோல் வாசமும் கலந்து வரும். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நின்றால் எனக்கு ஆரஞ்சுப் பூ ஞாபகம் வருகிறது.

பயிற்சியாளர் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. ஒரு காலத்தில் போட்டிகளில் ஓட்டியவர். வெயிலில் வெந்த முகம், விரல்கள் ஒவ்வொன்றும் முருங்கைக்காய்க் கணு போல. என் ஸ்கீயைப் பார்க்கும் முன் என் உள்ளங்கையைப் பார்த்தார். விரல்களின் அடியில் தோல் காய்த்து, இரண்டு இடத்தில் கிழிந்து ஆறியிருந்தது. "நீ கையால் இழுக்கிறாய்" என்றார். இன்னும் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. பிறகு வெர்னியரைக் கண்டார். கேட்டு வாங்கி, படகின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை தருகிறேன் என்றார். அன்று திங்கள்.

முதல் ஓட்டத்தை அவர் வீடியோவில் பிடித்துக் காட்டியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. மனதுக்குள் நான் ஒரு வில். திரையில் தெரிந்தவரோ திண்ணையில் உட்காரப் போகிற பெரியவர். இடுப்பு பின்னால் தள்ளியிருக்கிறது, தோள் முன்னால் வளைந்திருக்கிறது, முழங்கை மடங்கிக் கைப்பிடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. படகு இழுக்க இழுக்க நானும் பதிலுக்குக் கையால் இழுக்கிறேன். 300 குதிரைச் சக்தி எஞ்சினோடு கைமல்லுக்கு நிற்கிற மடத்தனம்.

அன்று மதியம் முழுக்கத் தரையில்தான் வேலை. கரையிலிருந்த ஒரு தூணில் இடுப்புயரத்துக்குக் கயிற்றைக் கட்டி, கைப்பிடியைக் கொடுத்து, சாய் என்றார். சாய்ந்தேன். முழங்கை மடங்கியது. "கையை மறந்துவிடு. அது கொக்கி மட்டும்தான். உன் எடையைக் கயிற்றுக்குக் கொடு." மூன்று நான்கு முறை சொல்லியும் பிடிபடவில்லை. அப்புறம் சட்டென்று கோனியம்மன் கோயில் தேர் ஞாபகம் வந்தது. வடம் பிடிக்கிற புதுப்பையன் கையால் இழுத்து இழுத்து நாலு அடியில் களைத்துப்போவான். பழகியவர்கள் கையை நீட்டி வடத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி மொத்த உடம்பையும் சாய்த்துவிடுவார்கள். தேர் அசைவது அந்த எடைக்குத்தான். அப்படிச் சாய்ந்தேன். இடுப்பு தானாக முன்னால் வந்து கைப்பிடிக்குக் கிட்டே நின்றது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் ஒரே கோட்டில். அம்மா வந்து கயிற்றைக் காலால் உதைத்துப் பார்த்தார். நான் அசையவில்லை. "ம்" என்றார். ஐந்து நாளில் அவரிடமிருந்து கிடைத்த பாராட்டுகளில் அது இரண்டாவது பெரியது.

அந்தச் சாய்மானத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதுதான் மீதிக் கல்வி. நான் செய்துவந்தது இது: கேட்டுக்கு முன்னால் அவசர அவசரமாக இடதுபக்கம் கொஞ்சம் விலகுவேன், உடனே பதறித் திரும்பி, கேட்டுக்குள் பாய்ந்து, முதல் பந்து கண்ணில் பட்டதும் அதை நோக்கி இழு இழு என்று இழுப்பேன். பந்துக்குப் போய்ச் சேரும்போது என் வேகம் படகின் வேகத்தைவிட அதிகம். திரும்பினால் கயிறு தொய்ந்துவிடும். ஒரு நொடி உலகமே லேசாக இருக்கும், கையில் ஒன்றுமே இல்லாதது போல. அடுத்த நொடி தொய்வு தீர்ந்து கயிறு விண்ணென்று இழுக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடுமோ என்றிருக்கும். இந்த வெட்டில் கிழிந்ததுதான் உள்ளங்கை.

அம்மா ஊஞ்சலைச் சொன்னார். படகின் நடுவிலிருக்கும் கம்பம்தான் ஊஞ்சல் கட்டிய உத்தரம். ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆடுகிறவன் எப்போது உந்துவான்? ஊஞ்சல் இறங்கிவரும்போது. நடுவைத் தாண்டியபின் உந்தினால் ஆட்டம் கெடும். அதே போல, படகு விட்டுச் செல்லும் இரண்டு அலைக்கோடுகளில் முதலாவதற்கு வரும் முன்பே சாய்ந்து பாரத்தை வாங்கிவிட வேண்டும். இரண்டாவது அலையில் விட்டுவிட வேண்டும். அதன்பின் இழுக்க இழுக்க வேகம் கூடுமே தவிர அகலம் கிடைக்காது. விட்டுவிட்டால் ஸ்கீ தானாக விளிம்பு மாறி வெளியே மிதந்து போகும். கைப்பிடியை மட்டும் உடம்போடு ஒட்டிவைத்திருந்து, கடைசியில் ஒரு கையை நீட்டிக் கொடுத்தால் போதும். பந்தைப் பார்க்காதே என்பது இன்னொரு சட்டம். பார்த்த இடத்துக்குத்தான் உடம்பு போகும். பந்தைப் பார்த்தால் பந்தின் மேல்தான் ஏறுவாய்.

எல்லாவற்றுக்கும் மேலே கேட். செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்குப் பந்தே கிடையாது. கேட்டுக்கு முன் சீக்கிரமாக இடதுபக்கம் அகலமாக விலகி, படகுக்குப் பக்கவாட்டில் முடிந்தவரை மேலேறி, அங்கே சும்மா மிதந்து, காத்திருந்து, மெல்லத் திரும்பி, கேட்டுக்குள் சாய்ந்து போ. முதல் பந்தின் அகலத்துக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிடு. எட்டு முறை, பத்து முறை. காத்திரு என்ற இடத்தில்தான் என் உயிர் போகும். 49 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே சும்மா இருக்கச் சொன்னால் யாருக்குத்தான் முடியும்? ஒரு மூச்சு உள்ளே இழுத்து முழுக்க வெளியே விட்டபின் திரும்பு என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்த ஒரு மூச்சுக்குள் நான் இரண்டு கோடைகளின் தவறையும் பார்த்துவிட்டேன். நான்காவது பந்தில் விழுந்தேன் என்று டைரியில் எழுதிவந்தேனே, அது பொய். விழுந்தது ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு முன்னால். தண்ணீருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது நான்காவது பந்தில்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வந்து, "என்ன மாமா, கிரிக்கெட்டுல நெட் ப்ராக்டிஸ்ல பந்தே போடாம விட்ட மாதிரி இருக்கே?" என்றான். விடுதிச் சோபாவில் நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முன்கை இரண்டும் கல்லாகியிருந்தன. காபி டம்ளரைச் சுற்றி விரல் மடங்கவில்லை. அதைவிட இடுப்புக்கு மேலே முதுகின் இரண்டு பக்கமும் வலித்த வலிதான் எனக்குச் செய்தி சொன்னது. ஒன்றரை வருடமாக ஜிம்மில் நான் வளர்த்ததெல்லாம் கண்ணாடியில் தெரிகிற தசைகள். இந்த விளையாட்டு பில் போடுவது கண்ணாடியில் தெரியாத பக்கத்துக்கு: கீழ்முதுகு, பின்தொடை, தோள்பட்டைக்குக் கீழே விலாவை ஒட்டிய தசை, பிடி. அம்மா சொன்ன உடற்பயிற்சிப் பட்டியல் சின்னது. பாரத்தைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கு. கம்பியில் தொங்கு, தொங்கிக்கொண்டே இரு. ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழு. இடுப்பு மூட்டை இளக்கு. இடுப்பு இளகாதவன் எவ்வளவு பலசாலியானாலும் தண்ணீரில் திண்ணையில்தான் உட்காருவான். ஒருமுறை தண்ணீரில் இறங்கினால் ஆறு ஓட்டத்தோடு கரையேறு. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். மூன்றாவது முறை இறங்கினால் அது பயிற்சி இல்லை, விபத்துக்கு ஒத்திகை.

புதன்கிழமை நான் மூன்றாவது முறை இறங்கினேன். கெஞ்சித்தான். இரண்டாவது முறையில் ஐந்து பந்து எடுத்திருந்தேன், வாழ்க்கையில் முதல்முறை. ஆறாவது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக நினைப்பு. களைத்த கால் என்ன செய்யும்? பழைய புத்திக்குப் போகும். மூன்றாவது பந்துக்குத் தாமதமாகிவிட்டது. இரண்டாவது அலைக்கு அப்பாலும் விடாமல் இழுத்தேன். ஸ்கீயின் மூக்கு சடாரென்று நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே பறந்து முன்பக்கமாக விழுந்தேன். தண்ணீர் மெத்தை என்று சொல்கிறவர்கள் அந்த வேகத்தில் விழுந்து பார்க்க வேண்டும். மூக்கு வழியாகப் பாதி ஏரி உள்ளே போனது. முன்கால் பூட்ஸில் மாட்டியிருக்க, பின்கால் வாரிலிருந்து கழன்று வந்து பின்தொடை சுளுக்கிக்கொண்டது. அம்மா படகைத் திருப்பிக்கொண்டு வந்து, "நாளைக்கு உனக்கு விடுமுறை" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விடுமுறையில் தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டி வின்டர் ஹேவன் போனோம். இந்த விளையாட்டின் பழனி அது. 1936இல் டிக் போப் என்பவர் எலாய்ஸ் ஏரிக்கரையில் சைப்ரஸ் கார்டன்ஸ் என்று ஒரு தோட்டம் போட்டார். இரண்டாம் உலகப் போர் நாட்களில் பக்கத்து முகாம் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய தண்ணீர் ஸ்கீ காட்சி பிறகு உலகப் புகழ் பெற்றது. எஸ்தர் வில்லியம்ஸ் படத்துக்காக ஃப்ளோரிடா வடிவத்திலேயே வெட்டிய நீச்சல் குளம்கூட ஏரிக்கரையில் உண்டு. 2011இலிருந்து அந்த இடம் லெகோலேண்ட். வாசலில் பிள்ளைகள் பிளாஸ்டிக் கட்டைகளுக்காக முண்டியடிக்கிறார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே நடந்தால் பழைய தோட்டம் அப்படியே நிற்கிறது, நடுவில் ஒரு ஆலமரம். 1939இல் வாளியில் வந்த சின்னக் கன்றாம். இன்று விழுதுகளே தூண்களாகி ஒரு மண்டபம். மாப்பிள்ளை அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, ஒரு புள்ளையாரும் டீக்கடையும்தான் இல்ல" என்றான். நான் சுளுக்கிய காலை விழுது மேல் நீட்டிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரில் பார்த்ததில் எனக்குப் பிடித்தது அந்த மரந்தான்; ஸ்கீ வரலாறு இரண்டாம்பட்சம்.

வரலாற்றின் தொடக்கம் ஃப்ளோரிடாவில் இல்லை. வடக்கே மினசோட்டாவில், பெப்பின் ஏரியில், 1922இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞன் தண்ணீர் மேல் நிற்க முடியும் என்று அடம்பிடித்தான். பீப்பாய்ப் பலகையில் நின்று பார்த்தான், பனிச்சறுக்குப் பலகையில் நின்று பார்த்தான், முழுகினான். பிறகு எட்டடி பைன் பலகைகள் இரண்டு வாங்கி, நுனியை அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் வேகவைத்து வளைத்துக்கொண்டான். அண்ணன் படகோட்டினான். அப்படியும் பலகை மூக்கு தண்ணீருக்குள்தான் போனது. ஜூலை 2ஆம் தேதி, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பின்னால் சாய்ந்து மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு இழுக்கச் சொன்னான். எழுந்து நின்றுவிட்டான். பிற்காலத்தில் வான்கோழி வளர்த்துப் பிழைத்தார் அவர். பலகையை எத்தனை முறை மாற்றினாலும் வேலை நடந்தது, நிற்கிற விதம் மாறியபோதுதான். ஆலமரத்தடியில் இது எனக்கு யாரோ வேண்டுமென்றே சொல்லியனுப்பிய செய்தி போலிருந்தது.

வியாழன் விடுமுறையில் போனதால் வெர்னியர் வெள்ளிக்கிழமை காலைதான் கைக்கு வந்தது. ஆவலாக ஃபின்னை அளந்தேன். நீளம், ஆழம், ஸ்கீயின் வாலிலிருந்து தூரம் மூன்றும் உற்பத்தியாளர் சொன்ன அளவிலிருந்து ஒரு தாளின் கனம்கூட விலகவில்லை. விலகாது, நான்தான் இரண்டு வருடமாகக் காவல் காத்திருந்தேனே. ஃபின்னை ஆழமாக இறக்கினால் வால் தண்ணீரைக் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் திரும்பச் சண்டித்தனம் செய்யும். ஏற்றினால் சட்டென்று திரும்பும், அதிகமாகிவிட்டால் வால் வழுக்கிக்கொண்டு போகும். ஃபின்னின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சிறகு பந்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கிற பிரேக். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மா ஃபின்னைப் பார்க்கவே இல்லை. டேப் எடுத்து, வாலிலிருந்து முன்கால் பூட்ஸின் குதிகால் வரை அளந்தார். என்னைப் பார்த்தார். இதைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?

பார்த்ததே இல்லை. ஸ்கீயைப் பழையதாக வாங்கினேன். விற்றவர் எப்படி மாட்டியிருந்தாரோ அப்படியே ஓட்டினேன். ஆயிரத்தில் ஒரு அங்குலத்துக்குத் தூக்கம் கெட்டவன், பூட்ஸ் ஒரு முழுத் துளை பின்னால் தள்ளியிருந்ததைக் கவனிக்கவில்லை. என் எடை முழுக்க வாலில் விழுந்து, மூக்கு தண்ணீரில் பதியாமல், எந்தத் திருப்பமும் பேருந்துத் திருப்பமாக நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். நான்கு ஸ்க்ரூ. ஒரு துளை முன்னால். இரண்டு நிமிட வேலை. "இதைத் திங்கட்கிழமையே செய்திருக்கலாமே?" என்று கேட்டேன். "செய்திருந்தால் நீ அதைத்தான் நம்பியிருப்பாய்" என்றார்.

இறங்கும் முன் இன்னொன்றும் காட்டினார். கயிற்றை அவிழ்த்துப் புல்லில் போட்டார். அதில் நிறம் நிறமாகச் சுருக்குகள்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று வானவில் வரிசை. நான் ஓட்டுவது முழுச் சிவப்பு, 18.25 மீட்டர். போட்டியில் ஆறு பந்தும் எடுத்தால் வேகம் மூன்று கிலோமீட்டர் கூடும்; உச்ச வேகம் ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 55, முப்பத்தைந்து தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கும் 55. உச்சத்தை எட்டியபின் வேகம் கூடாது, கயிறு குறையும். 16, 14.25, 13, 12. ஊதாச் சுருக்கைக் கம்பத்தில் மாட்டி, கைப்பிடியை நேராக இழுத்து வைத்தார்: 11.25 மீட்டர். அங்கிருந்து பந்து இருக்க வேண்டிய இடத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்தார். ஒரு சாண் எட்டவில்லை. பந்து 11.5 மீட்டரில் இருக்கிறது. கயிறு அதைவிடக் குட்டை. பிறகு 9.75. 2013இல் நேட் ஸ்மித் இந்த நீளத்தில் இரண்டரைப் பந்து எடுத்து உலக சாதனை செய்தார். கைப்பிடிக்கும் செருப்புக்கும் நடுவே 1.75 மீட்டர் புல். என் உயரமே அவ்வளவுதான். அதாவது கை பந்துக்கு உள்பக்கம் இருக்க, உடம்பு தண்ணீரோடு தண்ணீராகப் படுத்து நீண்டு, ஸ்கீ மட்டும் பந்துக்கு வெளியே போய்ச் சுற்றி வர வேண்டும். நான் புல்லில் படுத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். விரல் கைப்பிடியைத் தொட்டது, கால் செருப்பைத் தள்ளிவிட்டது. படகுத்துறையில் நின்றிருந்த இரண்டு பையன்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவன் நீலக் கயிறு ஓட்டுகிறவன், பதினான்கு வயது.

அன்று காலை காற்றே இல்லை. எதிர்க்கரையில் ஒரு முதலை, ஐந்தடி இருக்கும், மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தது. அது பாட்டுக்கு இருக்கும் என்றார்கள், இருந்தது. பின்தொடைக்கு இறுக்கமாகப் பட்டி சுற்றிக்கொண்டு இறங்கினேன். முதல் ஓட்டம் நான்கு. இரண்டாவது ஓட்டம் கேட்டைத் தவறவிட்டேன். மூன்றாவதில் இடதுபக்கம் விலகி மேலேறி மிதந்தபோது படகோட்டியின் காது தெரிந்தது. அவ்வளவு உயரத்துக்கு நான் அதுவரை ஏறியதில்லை. மூச்சை வெளியே விட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டேன். திரும்பினேன். முதல் அலைக்கு முன்பே பாரம் காலில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது அலையில் விட்டேன். முதல் பந்துக்கு வந்தபோது பந்து எனக்கு முன்னால் இருந்தது. அதைச் சுற்றுவதற்கு நேரம் இருந்தது என்பதை எப்படிச் சொல்வது, பேருந்து நிலையத்துக்கு முதல்முறையாகப் பேருந்து வரும் முன் போய்ச் சேர்ந்தவன் மாதிரி. கயிறு தொய்யவில்லை. இரண்டு. மூன்று. நான்காவதில் பழைய பயம் வந்தது, கை மடங்கப் பார்த்தது. தேர் வடம், தேர் வடம் என்று சொல்லிக்கொண்டேன். ஐந்து. ஆறாவது பந்தைச் சுற்றி வெளிக் கேட்டுக்குள் நுழைந்தது எனக்கு நினைவில்லை. படகில் எல்லோரும் கையைத் தூக்கியது நினைவிருக்கிறது.

அம்மா கையைத் தூக்கவில்லை. படகை நிறுத்தி, நான் மிதந்துகொண்டிருந்த இடத்துக்கு எட்டிப் பார்த்து, "52?" என்றார்.

52இல் இரண்டரை எடுத்தேன். மூன்றாவது பந்துக்குப் போகிற வழியில் மறுபடி திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும். வெர்னியர் பையின் அடியில் எங்கேயோ கிடந்தது. என் அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அங்கே விடிந்துவிட்டது, வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு பந்தும் எடுத்துட்டேம்மா."

"அப்படியா சாமி, நல்லது. எடுத்ததெல்லாம் எங்க வெச்சிருக்கற, காட்டு பாக்கலாம்."